பாவாடை வாங்கிய பண்டிதர்

ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்றொரு குன்று இருக்கிறது. ஸ்வீடனின் பல மூலைகளிலிருந்து பெயர்த்து வந்து திரும்பக் கட்டிய மரவீடுகள் அங்கே நிற்கின்றன. ஒரு வீட்டின் அடுப்படியில் நின்றபோது எனக்கு ஆச்சி வீட்டு நினைவு வந்துவிட்டது. ஊர் வீட்டை விற்றபோது அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொல்லையிலேயே விட்டு வந்தோம். பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டோம். அந்த உறுத்தலோடுதான் இக்குன்றை உருவாக்கிய மனிதரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆர்ட்டுர் ஹாசேலியஸ் 1833 நவம்பர் 30 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. மகன் கிராமத்திலும் வளரட்டும் என்று சிறுவயதிலேயே நாட்டுப்புறத்துக்கு அனுப்பி வைத்தவர். ஹாசேலியஸ் 1860ல் உப்சாலாவில் முனைவர் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி பெறும் பெண்களுக்கு ஸ்வீடிஷ் மொழி கற்பித்தார். 1869ல் ஸ்காண்டிநேவிய மொழிகளின் எழுத்துச் சீர்திருத்தத்துக்காகக் கூடிய மாநாட்டில் முன்னின்று உழைத்தார். எழுத்துச் சீர்திருத்தம் என்றால் எத்தனை சண்டை வரும் என்று நமக்குத் தெரியாததா!

1872 கோடையில் மனைவி சோஃபியுடன் டாலர்னா பகுதிக்குப் போனார். ரயிலும் ஆலைத் துணியும் கிராமங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். ஊருக்கு ஊர் வேறுபட்ட உடைகள் மறைந்து வருவதைக் கண்டு பதறிப்போய், ஒரு பெண்ணின் பாவாடையை விலைக்கு வாங்கினார். அவர் சேர்த்த முதல் பொருள் அதுதான். மறு ஆண்டே, 1873 அக்டோபர் 24ல், தலைநகரில் காட்சிக்கூடத்தைத் திறந்துவிட்டார். அரண்மனை நகைகளுக்கு மட்டுமே மதிப்பிருந்த காலத்தில் கரண்டியையும் தொட்டிலையும் காட்சிக்கு வைத்தார்.

1874ல் மகன் குன்னார் பிறந்தபோது சோஃபி இறந்துபோனார். 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஹாசேலியஸ் வைத்த காட்சிகளில் ஒன்று, குடிசைக்குள் இறந்து கிடக்கும் குழந்தையைச் சுற்றிக் குடும்பம் நிற்பது. ஓர் ஓவியத்தைப் பின்பற்றி அமைத்தது என்றாலும், மனைவியை இழந்தவர் அதைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பணத்துக்காக வாழ்நாள் முழுவதும் பலரிடம் கையேந்தினார். ஆனாலும் 1880ல் சேகரிப்பு முழுவதையும் ஸ்வீடன் மக்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கரண்டிக்கு உயிரில்லை, அதற்கு அடுப்பு வேண்டும், அடுப்புக்கு வீடு வேண்டும் என்று அவர் எண்ணம் வளர்ந்தது. 1885ல் மோரா ஊரிலிருந்து ஒரு வீட்டையே வாங்கினார். 1891 அக்டோபர் 11ல் ஸ்கான்சென் திறக்கப்பட்டது.

எல்லாவற்றையும் புகழ முடியவில்லை. சாமி பழங்குடிக் குடும்பங்களை அவர் அங்கே குடிவைத்தார். நகரத்தார் வேடிக்கை பார்க்க, உயிருள்ள மனிதர்களும் காட்சியானார்கள். பொருளைக் காப்பதற்கும் மனிதரைப் பொருளாக்குவதற்கும் இடையில் உள்ள கோட்டை அவர் காணத் தவறினார்.

1901 மே 27ல் ஸ்கான்செனிலேயே காலமானார். அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார். அவர் கனவு கண்ட நோர்டிஸ்கா அருங்காட்சியகக் கட்டிடம் 1907ல்தான் திறக்கப்பட்டது. இன்று போலந்து, செக் மொழிகளில் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் பெயரே ஸ்கான்சென்தான். சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996ல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு நிற்பதும் இதே வழியில்தான்.

ஒரு மொழியாசிரியர் ஏன் பாவாடை வாங்கினார் என்று யோசித்துப் பார்த்தேன். பொருள் போனால் அதன் பெயரும் போய்விடும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என் மகளுக்குக் குழவி என்றால் என்னவென்று தெரியாது. அகராதியைக் காட்டலாம். ஆனால் கையில் கொடுத்து அரைக்கச் சொல்ல, நாங்கள் கொல்லையில் விட்டுவந்த அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறதோ!