52 குதிரைத்திறன் விழுந்துச்சு, 12 குதிரைத்திறன் பறந்துச்சு! யார் இந்த வில்பர் ரைட்?

1903 டிசம்பர் 8. அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றில் விஞ்ஞானி சாமுவேல் லாங்லியின் விமானம் இரண்டாவது முறையாக விழுந்தது. அரசு கொடுத்த 50,000 டாலர், 52 குதிரைத்திறன் இன்ஜின் எல்லாம் இருந்தும் பறக்கல. 9 நாள் கழித்து, சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட்டும் தம்பி ஆர்வில்லும் பறந்துட்டாங்க. அவங்க இன்ஜின் வெறும் 12 குதிரைத்திறன்!

எப்படி சாத்தியமாச்சு?

1867-ல் பிறந்த வில்பர் கல்லூரிப் பட்டம் பெறாதவர். 1896-ல் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் கிளைடர் விபத்தில் இறந்தது அவரை யோசிக்க வச்சது. பறந்தா மட்டும் போதாது, கவிழாம ஓட்டவும் தெரியணும். அதனால இறக்கை நுனியை முறுக்கித் திருப்பும் முறையை முதலில் உருவாக்கினார்.

1901-ல் கிளைடர் எதிர்பார்த்த அளவு மேலே எழும்பல. சகோதரர்கள் காற்றுச் சுரங்கம் செய்து, சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். அந்தக் கணக்கை வைத்தே புரொப்பல்லரைச் சுழலும் இறக்கையாக வடிவமைத்தனர். புரொப்பல்லர் திறமையா வேலை செஞ்சதால சின்ன இன்ஜினே போதுமானது. இன்ஜின் சின்னதானதால எடையும் குறைஞ்சது. கடை மெக்கானிக் சார்லி டெய்லரே அதைச் செய்து கொடுத்தார்.

டிசம்பர் 17 அன்று நான்காவது முறை பறந்தபோது, வில்பர் 59 விநாடிகளில் 852 அடி கடந்தார்.

1912-ல் டைபாய்டு காய்ச்சலால் 45 வயதில் இறந்தார். இறக்கை, இன்ஜின், கட்டுப்பாடு மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்கும் அவர் வழி, இன்று பொறியியலில் தனித் துறை.