பத்திராதிபர் கோ. நடேசய்யர்

மலைநாட்டிலே பிறந்து, எம் கல்லூரியிற் பயின்று, இன்று பத்திரிகை, வானொலி, அச்சுத்தொழில், நாடகம் ஆகிய துறைகளிற் பணிபுரியும் பழைய மாணவர் பலராவர். அவர்களுட் சிலரைப் பற்றிய குறிப்புகள் இம்மலரில் வேறிடத்தே காணப்படும். அத்துறைகளுக்கு இம்மலைகளில் முதன்முதல் வழிவெட்டியவர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். பெயரைத் தேடி யாம் நெடுந்தொலைவு செல்லவில்லை. ஆயினும், எழுதத் தொடங்குமுன் பத்தாம் வகுப்பு மாணவரிடத்தே கோ. நடேசய்யர் என்பார் யாவர் என வினவினோம். இருவரே கை உயர்த்தினர். அவ்விருவருள் ஒருவன் அவரைச் சங்கீத வித்துவான் என்றான். இக்கட்டுரை சற்று நீண்டுவிடுமாயின் அதற்கு அம்மாணவனே காரணமாவான்.

கோதண்டராம நடேசய்யர் 1887ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் தமிழகத்திலே தோன்றியவர். தஞ்சையில் வாழ்ந்த இளமைக் காலத்திலேயே அவரை எழுத்து ஆட்கொண்டது. ஆங்கே அவர் நடத்திய ‘வர்த்தக மித்திரன்’ என்னும் இதழ், பெயருக்கேற்ப வணிகருக்கென வெளிவந்தது. ‘ஒற்றன்’ என்னும் நாவலும் அக்காலத்தே எழுதினார். கணக்குப் பதிவு, காப்புறுதி, எண்ணெய் எஞ்சின் ஆகியவை பற்றியும் அவர் தமிழில் நூல் செய்திருக்கிறார் என்றால் இன்றைய வாசகர் வியப்பர். தமிழர் பிழைப்புக்கு எது வேண்டுமோ அதனைத் தமிழிலே தரவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சட்டங்களைத் தமிழில் விளக்கி அச்சிட்டதும் அக்கொள்கையின் தொடர்ச்சியே. புலமையைக் காட்டுதற்காக அவர் எழுதியது மிகச் சிலவே எனலாம்.

வணிகர் தொடர்பே அவரை ஈழத்துக்கு அழைத்து வந்தது. 1915ஆம் ஆண்டில் கொழும்பு வந்தவருடைய செவியில் மலைநாட்டுத் தொழிலாளர் நிலை விழுந்தது. கண்டறிய விழைந்தார், ஆனால் அஃது எளிய செயலன்று. அக்காலத்தில் தேயிலைத் தோட்டம் துரையின் தனி உடைமை. அவரது அனுமதியின்றி அயலார் அடிவைப்பது அத்துமீறற் குற்றமாகும். தொழிலாளியின் உறவினர்கூட லயத்துக்கு வந்து போதற்குக் கங்காணியின் முகம் பார்க்க வேண்டியிருந்தது. புடைவை மூட்டை சுமந்து வரும் வியாபாரிக்கு மட்டும் வழி உண்டு. ஆகவே நடேசய்யர் புடைவை வியாபாரியின் ஆளாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். நாவலில் ஒற்றனைப் படைத்தவர் வாழ்க்கையில் தாமே ஒற்றரானார். பெரட்டுக் களத்தில் விடியற்காலை நிற்கும் வரிசையையும், பத்தடி அறையில் ஒரு குடும்பம் ஒண்டிக் கிடத்தலையும், எவ்வளவு உழைத்தும் தீராத கடனையும் அவர் ஏட்டிற் படித்து அறியவில்லை.

1920ஆம் ஆண்டளவில் ஈழத்துக்கு மீண்டவர் இங்கேயே நிலைகொண்டார். அடுத்த ஆண்டில் ‘தேசநேசன்’ நாளிதழின் ஆசிரியப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தமிழில் நாள்தோறும் செய்தி தரும் பத்திரிகை ஈழத்தில் அரிதாயிருந்த காலம் அது. பின்னர் 1924ஆம் ஆண்டு செத்தெம்பர்த் திங்களில் அவர் தமதாகவே தொடங்கிய ‘தேசபக்தன்’ அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தேசபக்தன் நடேசய்யர் என்றே மக்கள் வழங்கினர். இடையே ‘சிட்டிசன்’, ‘போர்வர்ட்’, ‘இந்தியன் எஸ்டேட் லேபரர்’ என ஆங்கிலத்திலும் இதழ்கள் நடத்தினார். தமிழ்த் தொழிலாளருக்காக உழைத்தவர் ஆங்கில இதழ் நடத்துவானேன் எனச் சிலர் வினவுவர். தொழிலாளி தன் துயரைத் தானறிவான். அதனை அறியாதவர் தேசாதிபதியும் தோட்டத் துரைமாருமே. அவர்தம் காலை மேசையில் அச்செய்தி கிடத்தல் வேண்டும் என அவர் எண்ணியதில் வியப்பில்லை. ‘பிளாண்டர் ராஜ்’ என்ற ஆங்கிலச் சிறுநூலும் அந்நோக்கினதே.

பத்திரிகைத் தொழில் பற்றி அறியாதோர், ஆசிரியர் எழுதுகிறார், ஊர் வாசிக்கிறது என எண்ணுவர். அச்செழுத்துக் கோப்பவர் கூலி, காகித விலை, தபாற் செலவு, வராத சந்தா, வந்து நிற்கும் வழக்கு இவையெல்லாம் ஆசிரியர் தலையில்தான் விழும். நடேசய்யர் ஆசிரியர், உரிமையாளர், அச்சக அதிபர் என்னும் மூன்று சுமைகளையும் ஒருங்கே தாங்கினார். ஓரிதழ் நின்றால் மற்றோரிதழ் எழும். பெயர் மாறும், நோக்கம் மாறாது. விளம்பரம் தரக்கூடிய செல்வர் பலர் தோட்டத் துரைமாரோடு கொடுக்கல் வாங்கல் உடையோராயிருந்தனர் என்பதை நினைவிற் கொண்டால், அவர் இதழ்கள் இடையிடையே நின்றமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அரசியலில் அவர் முதலிற் சேர்ந்தது ஏ. ஈ. குணசிங்காவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில். அதன் உப தலைவராய், சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே கொடியின்கீழ் நிற்கலாம் என நம்பி உழைத்தார். இருபதுகளின் இறுதியில் கொழும்பில் இந்தியருக்கெதிரான பேச்சு வலுத்தபோது இருவரும் பிரிந்தனர். இப்பிரிவினால் நேர்ந்த இழப்பு இருவர்க்கும் மட்டும் உரியதன்று. இத்தீவின் தொழிலாளர் அனைவர்க்கும் உரியது என்பது எம் கருத்து. சட்ட நிரூபண சபையில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட இரு ஆசனங்களுள் ஒன்று வெற்றிடமாக, 1925ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வென்று அவர் அங்கத்தவரானார். அப்போது வாக்குரிமை செல்வமும் கல்வியும் உடைய சிலர்க்கே இருந்தது. எவருக்காகச் சபையிற் பேசினாரோ அவர்க்கு அவரைத் தெரிவுசெய்யும் உரிமை இல்லை.

சம்பளக் கணக்கு ஒன்றை ஈண்டுக் குறித்தல் தகும். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 1929ஆம் ஆண்டில் தோட்டங்களுக்குக் குறைந்தபட்ச நாட்சம்பளம் நடைமுறைக்கு வந்தது. உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம்; பெண்ணுக்கு 43 சதம்; பிள்ளைக்கு 32 சதம். கொழுந்தெடுப்பவள் பெண், அவள் கூடையிலேதான் தேயிலையின் விலை கிடக்கிறது, குறைவோ அவளுக்கே. அவ்வளவுதானா என மாணவர் கேட்பர். அவ்வளவும் நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் தேயிலை விலை சரிந்ததும், முப்பதுகளின் தொடக்கத்தில் துரைமார் அச்சம்பளத்தையும் வெட்ட முற்பட்டனர்.

அந்நேரத்தில் நடேசய்யர் கொழும்பை விட்டு அட்டனுக்கு வந்தார். அட்டன், தோட்டங்கள் சூழ்ந்த, புகைவண்டி நிலையமுள்ள நகர். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு நாற்புறத்துத் தோட்டங்களும் அங்கே கூடும். வழிகள் கூடுமிடத்திற் குரல் எழுப்பினாற்றான் அது பல மலைகளுக்குச் செல்லும். 1931ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அங்கே உருவாயிற்று. தோட்டத் தொழிலாளருக்கெனத் தோன்றிய முதற்சங்கம் அதுவே. அச்சகமும் அங்கே இயங்கியது. துண்டுப்பிரசுரங்கள் அங்கிருந்து மலையேறின. எம் பாட்டனார் சிறுவராயிருந்த காலத்தில், அவர் தந்தையார் அத்தகைய தாளொன்றைக் கம்பளியின் மடிப்பில் வைத்துத் தைத்து லயத்துக்குக் கொணர்ந்தாராம். எமது கொள்ளுப்பாட்டனார்க்கு எழுத்துத் தெரியாது. பக்கத்துக் காம்பராவில் இருந்த ஒருவர் குப்பி விளக்கின் ஒளியில் மெல்லிய குரலில் வாசிப்பார். ஏனையோர் கதவை அடைத்துவிட்டுக் கேட்பராம்.

இவ்விடத்திலேதான் நடேசய்யரின் தொழில் வரலாறு மற்றப் பத்திராதிபர் வரலாற்றினின்றும் வேறுபடுகிறது. எழுத்தறியாத மக்களுக்கு எழுத்தாளன் என்ன செய்வான்? பலர் அம்மக்கள் கற்கும்வரை காத்திருக்கலாம் என்பர். அல்லது கற்றோர்க்கு எழுதி அமைவர். அவர் வேறு வழிகளை நாடினார். 1937ஆம் ஆண்டில் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்னும் நாடகத்தை அச்சிட்டார். காமன்கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் விடிய விடியப் பார்த்துப் பழகிய மக்களுக்கு நாடகம் புதிதன்று. ‘நீ மயங்குவதேன்?’, ‘வெற்றி உனதே’ முதலிய நூல்களின் நடையோ, படிப்பவனை நோக்கியதன்று; எதிரே நிற்பவனை விளித்துப் பேசுவது. ‘ராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் அவர்தம் கதையை மலைநாட்டின் முதற் சிறுகதையெனக் கொள்ளும் ஆய்வாளரும் உளர்.

பாட்டினை அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாள் ஏற்றுக்கொண்டார். கணவர் பேசும் மேடையிலே, மக்கள் நன்கறிந்த மெட்டுகளில் தாம் இயற்றிய பாடல்களை அம்மையார் பாடுவார். மறுநாள் அப்பாட்டு எந்தக் காவலையும் கடந்து கொழுந்து மலைக்குச் சென்றுவிடும். தாளைப் பறிக்கலாம், மெட்டைப் பறிக்க இயலாது. 1939ஆம் ஆண்டில் அரசாங்கத் துறைகளில் நாட்கூலி பெற்ற இந்தியரை விலக்கும் முடிவு வந்தது. அவ்வாண்டு ஆகத்து மாதம் இந்திய அரசாங்கமும் தொழிலாளர் இங்கு வருவதைத் தடுத்தது. அந்நெருக்கடியின் பின் 1940இல் அம்மையாரின் பாடல்கள், ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் நூலாயின. பத்திரிகைப் பணியிலும் அவர் பங்கு பெரிது. நடேசய்யரை நினைப்போர் அம்மையாரைத் துணைவியார் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர்; யாமும் சற்று முன்னர் அப்பிழையையே செய்தோம்.

டொனமூர் யாப்பு வந்தபின் 1931இல் அட்டன் தொகுதிக்குப் பெரி. சுந்தரம் அரசாங்க சபை அங்கத்தவராகி, அமைச்சுப் பதவியும் பெற்றார். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொகுதியை நடேசய்யர் வென்றார். இம்முறை தொழிலாளர் பலர்க்கு வாக்கு இருந்தது. பெரட்டுக் களத்தில் நின்றவர் வாக்குச் சாவடியிலும் வரிசையில் நின்றார்.

இனி, புகழ்ந்தே செல்வது முறையாகாது. சங்கத்தை அவர் தம் தோளிலேயே சுமந்தார். கிளைகளுக்கு வேர் பிடிக்க விடவில்லை. அவர் சபைக்குப் போனால் சங்கம் தளரும். பத்திரிகையிற் கருத்தூன்றினால் கிளை உறங்கும். 1939இல் நேரு வந்து சென்ற காலை இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கமும் எழுந்தது. அவ்வமைப்பு தோட்டந்தோறும் தலைவர்களை அமர்த்திக் கட்டுக்கோப்பாக வளர, அவர் வெளியே நின்று எதிர்த்தார். வணிகரும் கங்காணிமாரும் கலந்த அமைப்பு தொழிலாளரை எப்படி நடத்தும் என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. ஐயத்திற் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் மக்கள் அவர் பின்னே நிற்கவில்லை. சங்கம் என்ற சொல்லை அவரிடம் கற்றுக்கொண்டு, வேறு சங்கத்திற் சேர்ந்தனர். இதனை நன்றிகேடு எனச் சிலர் எழுதியுள்ளனர். யாம் அவ்வாறு கருதவில்லை. கற்றவன் ஆசிரியரோடு மாறுபடுவதை எம் தொழிலில் இருப்போர் நன்கு அறிவர்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரசு மலைநாட்டில் ஏழு ஆசனங்களை வென்றது. நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் தமது அறுபத்தோராம் அகவையிற் காலமானார். மூன்று மாதங்களுள் நாடு விடுதலை பெற்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. அவரை வென்றவரும் அவரோடு தோற்றவரும் அதன்முன் ஒன்றேயாயினர்.

அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவர் பெயரை எடுப்பார் அருகினர். பழைய பத்திரிகைத் தாள்களைத் தேடித் திரட்டி அவர் வரலாற்றை நூலாக்கியவர் எழுத்தாளர் சாரல்நாடன். தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரிந்துகொண்டே அவ்வுழைப்பையும் மேற்கொண்டார் என்பதை ஈண்டுச் சொல்லாமல் விடுதல் ஆகாது. அந்நூலின் ஒரு படி எம் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டது, நடுவில் சில தாள்களைக் காணவில்லை. வரும் தவணையிற் பத்தாம் வகுப்பினர்க்கு அதனை உரக்க வாசிப்பதென ஒழுங்கு செய்திருக்கிறோம். சங்கீத வித்துவான் என்று விடையிறுத்தவனே வாசிக்கத் தொடங்குவான். நல்ல படி வைத்திருக்கும் பழைய மாணவர் எவரேனும் நூலகத்துக்கு அனுப்பி உதவுவாராயின் மகிழ்வோம்.