ராய்பைசன் பெருமகனார்

வறுமையினுங் கொடியது கடன். வறியவன் இன்று பசித்திருப்பினும் நாளை உழைத்துண்ணலாம். கொடுவட்டிக்குக் கடன்பட்டவனோ நாளைய உழைப்பையும் இன்றே விற்றவனாகின்றான். இத்துன்பத்தினின்று ஏழையுழவர் மீளும் நெறி கண்ட ஒரு பெரியாரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிரடெரிக் வில்லியம் ராய்பைசன் என்பார் 1818-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் ஜெர்மனியில் ஹாம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிற் பட்டாளத்திற் சேர்ந்தவர், கண்ணோயால் அதனை விடுத்து, 1845-இல் வையர்புஷ் என்னுமிடத்தில் ஊராட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டே விளைவு பொய்த்தது. அவர் செல்வர்பாற் பொருள் திரட்டி மாவு வாங்கினார்; பொதுவில் ரொட்டியடுப்பு அமைத்தார்; ஏழைகட்குக் குறைந்த விலையிற் கடனாக ரொட்டி வழங்கினார்.

பஞ்சம் நீங்கியும் கடன் நீங்கவில்லை. மாடு வாங்கப் பட்ட கடனுக்கு மாட்டையும் நிலத்தையும் இழந்தார் பலர். ஆதலின் 1849-இல் பிளாமர்ஸ்பெல்டு என்னும் ஊரில் ஒரு சங்கங் கண்டார். செல்வர் பிணையாக நிற்ப, உழவர் மாடு பெற்று, விலையைத் தவணையிற் செலுத்தினர். ஹெடஸ்டார்பு என்னும் ஊரிலும் 1854-இல் அத்தகைய தருமசங்கமொன்று நிறுவினார்.

ஆயினும், நாளடைவிற் செல்வரது ஊக்கந் தளர்ந்தது. ஈகை ஒன்றே போதுமென நெடுங்காலம் நம்பியிருந்த அவர், தாம் போற்றிய கொள்கையைத் தாமே திருத்திக்கொண்டார். அவர்தம் பெருமைகளுள் இதனையே யாம் தலையாயதாகக் கருதுகின்றோம்.

1864-இல் ஹெடஸ்டார்பில் அமைந்த புதிய சங்கத்திற் கடன் பெறுவோரே அங்கத்தினராயினர். ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பு. ஒருவரையொருவர் நன்கறிந்த சிற்றெல்லைக்குள்ளேயே சங்கம் நடந்தது. கடன் பயனுள்ள செயலுக்கே கொடுக்கப்பட்டது. நிருவாகிகள் ஊதியம் பெறாது உழைத்தனர். இலாபம் பொது நிதியாகச் சேர்ந்தது. நிலமில்லாதவனுக்கும் நாணயமே ஈடாயிற்று.

பார்வை மங்கிய நிலையில் அவர் சொல்ல, மகள் அமாலியா எழுதி உதவினார். அவரது நூல் 1866-இல் வெளிவந்தது. 1888 மார்ச்சு 11-ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் முறையை ஆராய்ந்த நிக்கல்சன் என்பார் சென்னை அரசாங்கத்தார்க்கு 1895-இலும் 1897-இலும் அறிக்கை அளித்தார். 1904-இல் இந்தியாவிற் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது.

அன்பர்காள்! திருமணத்திற்கும் சீருக்கும் கடன்பட்டு வீட்டை இழந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கின்றோம். இரங்கிக் கொடுக்குங் கை ஒருநாள் ஓயும். கூடிப் பொறுப்பேற்குங் கைகள் ஓயா. மாதந்தோறும் சிறுதொகை சேமித்து, ஒருவர்க்கொருவர் பிணையாக நிற்கத் துணிவோமாயின், அப்பெரியார் நெறி நம் இல்லங்களிலும் தழைக்கும்.