லாரன்ஸும் அவருடைய ஏழு மோட்டார் சைக்கிள்களும்

நம் அடித்தள பார்க்கிங்கில் இந்த ஓராண்டில் பெரிய டூரிங் பைக்குகள் ஏழெட்டு சேர்ந்திருக்கின்றன. ஞாயிறு விடியுமுன் பிள்ளைகள் ஏலகிரி, கொல்லிமலை என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், பால்கனியில் நின்று வழியனுப்பும் பெற்றோருக்காகவும் இந்த இதழில் ஒருவரின் கதை. அவரை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். 1962-ல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் தொடக்கத்தில் பைக்கில் பறந்து விழுந்து இறப்பாரே, அவர்தான். ஒட்டகத்தின் மேல் பார்த்த மனிதரைத்தான் நமக்கு நினைவிருக்கிறது; பைக்கை மறந்துவிட்டோம்.

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888 ஆகஸ்ட் 16-ல் வேல்ஸ் நாட்டின் டிரெமடாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சாப்மன் என்ற பெயருள்ள பெரிய இடத்து மனிதர். முதல் குடும்பத்தை விட்டு வந்து, பிள்ளைகளின் தாயோடு லாரன்ஸ் என்ற புதுப் பெயரில் வாழ்ந்தார். ஆகவே மகனுக்குப் பிறவியிலேயே இரவல் பெயர். பிற்பாடு ராஸ் என்றும் ஷா என்றும் அவரே இரண்டு பெயர்கள் வைத்துக்கொண்டார். இப்படி ஒரு வாடிக்கையாளர் கணக்குத் தொடங்க வந்தால் எங்கள் கவுன்டர் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்தார். மாணவராக இருந்தபோதே சைக்கிளில் பிரான்ஸ் முழுக்கச் சுற்றிப் பழைய கோட்டைகளைப் பார்த்தார். 1909-ல் சிரியாவில் கோட்டை கோட்டையாக நடந்தே போனார். பிறகு அகழாய்வு, போர், 1916 முதல் 1918 வரை துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சி. 1917-ல் அகாபா, 1918-ல் டமாஸ்கஸ். இதெல்லாம் படத்திலேயே இருக்கிறது. போர் முடிந்ததும் அரபு மக்களுக்குக் கொடுத்த வாக்கை வல்லரசுகள் காற்றில் விட்டன. உலகப் புகழ் ஒரு பக்கம், மனத்துக்குள் குற்ற உணர்வு மறுபக்கம். கர்னலாக இருந்தவர் 1922-ல் ராஸ் என்ற பொய்ப் பெயரில் விமானப்படையில் கடைநிலை வீரராகச் சேர்ந்தார். பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட, வெளியே அனுப்பினார்கள். உடனே ஷா என்ற பெயரில் டாங்கிப் படைக்குப் போய், டார்செட் பகுதியில் உள்ள போவிங்டன் முகாமில் இருந்தார். 1925-ல் மறுபடி விமானப்படை.

அந்த 1922-லேயே அவர் வாழ்க்கையில் பிரஃப் சுப்பீரியர் வந்தது. நாட்டிங்காமில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் கிட்டத்தட்டக் கையாலேயே கட்டிய வண்டி. மோட்டார் சைக்கிள்களில் இது ரோல்ஸ் ராய்ஸ் என்று பேர். 1,000 சிசி வி-ட்வின் எஞ்சின். எஸ்எஸ் 100 என்ற மாடல் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனியே உத்தரவாதம் கொடுத்தது. எடை சுமார் 180 கிலோ. லாரன்ஸோ ஐந்தடி ஐந்து அங்குலம். தம் வண்டிகளை போவனெர்ஜிஸ் என்று அழைத்தார். பைபிளில் வரும் பெயர், இடியின் மக்கள் என்று பொருள். ஜார்ஜ் ஒன்று, ஜார்ஜ் இரண்டு என்று ராஜாக்களைப்போல எண்ணும் உண்டு. மொத்தம் ஏழு.

1926 வாக்கில், நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் மைல் ஓட்டிவிட்டதாக பிரஃப்புக்குக் கடிதம் எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர். மழை, பனி, ராணுவ வேலை எல்லாம் சேர்த்து, தினம் 110 கிலோமீட்டர். இது பொழுதுபோக்குக் கணக்கு இல்லை.

அந்தக் காலத்து வண்டியை வளைவில் வேகமாக ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று சொல்ல வேண்டும். வேகத்தில் பைக்கை இடப்பக்கம் திருப்ப, ஹேண்டில்பாரை இடப்பக்கம் வளைப்பதில்லை. இடக்கைப் பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். வண்டி இடப்பக்கம் சாயும், அந்தச் சாய்வுதான் திருப்பும். தெரிந்தோ தெரியாமலோ எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் அதே வளைவுக்கு டயரின் பிடிப்பு நான்கு மடங்கு தேவை. இப்போது கியர் காலில். பிரஃப்பில் டாங்கியின் பக்கத்தில் கையால் மாற்றும் கியர். அதாவது ஒரு கையை எடுத்தாக வேண்டும். வளைவின் நடுவில் கையை எடுக்க முடியுமா? ஆகவே பிரேக், கியர் எல்லாவற்றையும் வண்டி நேராக நிற்கும்போதே, வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, ஒரே சீரான இழுவையில் உள்ளே போக வேண்டும். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிடிப்பு பூஜ்யம். சாலையை முன்கூட்டியே கண்ணால் படித்தால் ஒழிய இந்த வண்டியை ஓட்டவே முடியாது.

லாரன்ஸ் அதைப் படித்தவர். கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் இருந்த நாட்களில் மாலையில் லிங்கன் நகரம்வரை ஒரு ஓட்டம் ஓடுவார். ஒருநாள் மேலே பறந்த பிரிஸ்டல் ஃபைட்டர் விமானத்தோடு போட்டி போட்டதை 'தி மின்ட்' என்ற நூலில் ஓர் அத்தியாயமாக எழுதியிருக்கிறார். நான் படித்தவரையில், தரைச்சாலையில் வேகம் என்பதை அதைவிட நன்றாக எழுதியவர் இல்லை. திரும்பும்போது முகாம் நண்பர்களுக்குத் தின்பதற்கு ஏதாவது வாங்கிவருவார் என்பதும் அதில் உண்டு.

1927 தொடக்கத்தில் கராச்சிக்கு மாற்றல். டிரிக் ரோடு விமானப்படை டிப்போவில், எஞ்சின் பழுதுபார்க்கும் பிரிவில் குமாஸ்தா வேலை. அரேபியாவைப் புரட்டியவர் மேசையில் குனிந்து ரெஜிஸ்டர் எழுதினார் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. அடுத்து வஜீரிஸ்தானில் மீரான்ஷா கோட்டை. அங்கே உட்கார்ந்து ஹோமரின் ஒடிசியை மொழிபெயர்த்தார். ஆப்கானியக் கலகத்துக்கு அவர்தான் காரணம் என்று பத்திரிகைகள் வதந்தி கிளப்பவே, 1929 ஜனவரியில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே, பெர்னார்ட் ஷா தம்பதி உள்ளிட்ட நண்பர்கள் கொடுத்த புது பிரஃப் அவருக்குக் கிடைத்தது.

கடைசி ஆண்டுகளைப் பலர் சொல்வதில்லை. கடலில் விழும் விமானிகளைக் காப்பாற்றும் அதிவேகப் படகுகளை உருவாக்கிச் சோதிக்கும் பணியில் லாரன்ஸ் முழு மூச்சாக உழைத்தார். உயிரை வெறுத்து பைக் ஓட்டியவர் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சாகத் துடிப்பவர் இப்படி மற்றவரைக் காப்பாற்றும் வேலையில் ஆண்டுக்கணக்காக மெனக்கெட மாட்டார்.

1935 பிப்ரவரியில் ஓய்வு. போவிங்டன் அருகே கிளவுட்ஸ் ஹில் என்ற சின்ன வீட்டில் குடியேறினார். மே 13 அன்று முகாம் தபால் நிலையத்துக்குப் போய், எழுத்தாளர் ஹென்றி வில்லியம்சனுக்குத் தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பினார். வீடு சுமார் இரண்டு கிலோமீட்டர். தினம் போய்வரும் சாலை. கொண்டை ஊசி வளைவு எதுவும் இல்லை. ஆனால் ஏறி இறங்கும் சாலை. பள்ளத்தில் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். மேட்டுக்கு இப்பாலிருந்து தெரியவில்லை. கண்ணில் பட்டதும் ஒதுங்க முயன்றார்; பின்னால் வந்த சைக்கிளில் உரசி, முன்னால் தூக்கி எறியப்பட்டார்.

அருகில் இருந்த ராணுவ வீரர் ஒருவர் வண்டி மணிக்கு 50, 60 மைலில் வந்ததாகச் சாட்சி சொன்னார். வண்டியோ இரண்டாவது கியரில் இருந்தது. அந்தக் கியரில் 38 மைலுக்கு மேல் போகாது என்றும் சொல்லப்பட்டது. 38 மைல் என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 17 மீட்டர். பார்த்து, புரிந்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் நம் பிளாக்கின் முகப்பு நீளம் கடந்திருக்கும். பக்கவாட்டில் வளையும் சாலையைக் கண்டால் ஓட்டுபவர் தானாக வேகத்தைக் குறைக்கிறார். மேல்கீழாக வளையும் சாலையைக் கண்டு குறைப்பதில்லை. இரண்டிலும் மறைவது ஒன்றுதான். எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அதற்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அந்த இடத்துக்கான வேகம். ஒரு லட்சம் மைலை எப்போதோ கடந்தவருக்கு இது தெரியாததல்ல. வீட்டு வாசல் சாலை என்பதால் கண் அசந்திருக்கும் என்பது என் ஊகம்.

தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. பந்தய வீரர்களுக்கு 1914-லேயே ஹெல்மெட் கட்டாயம். சாலையில் ஓட்டுபவர்கள் அதைச் சீண்டவே இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46. மோர்ட்டன் கிராமத்தில் அடக்கம், சர்ச்சில் வந்திருந்தார். எட்டாவது பிரஃப்புக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்தார்.

சிகிச்சைக்கு அழைக்கப்பட்டவர்களில் ஹியூ கெய்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர் ஒருவர், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். காப்பாற்ற முடியாமல் போனது அவரை விடவில்லை. அடுத்த போர் வந்ததும் கணக்கெடுக்கத் தொடங்கினார். முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் பைக் விபத்தில் இறந்தவர்கள், பின்னால் உட்கார்ந்தவர்களையும் சேர்த்து, 2,279 பேர். பெரும்பாலும் தலைக்காயம். ஹெல்மெட் அணிந்து விபத்தில் சிக்கியவர்கள் என்று அவருக்குக் கிடைத்ததே ஏழு பேர்தான். ஏழு பேரும் பிழைத்தார்கள். 1941-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த ஆண்டு நவம்பரிலேயே ராணுவம் தன் தூது பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் பொதுமக்களுக்கு அந்தச் சட்டம் வந்தது 1973-ல். கெய்ன்ஸ் இறந்து அப்போது 21 ஆண்டுகள். லாரன்ஸ் இறந்து 38.