காப்பீடு இல்லாத மாலுமி

இடர்ப்பாடும் காப்பீடும் குறித்துக் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில், பாடநூலில் இடம்பெறாத ஒருவரை ஆண்டுதோறும் வகுப்பறைக்குள் அழைத்து வருவது என் வழக்கம். அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோகம். பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர். அவருக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-இல் பிறந்த ஸ்லோகம், சிறு வயதிலேயே கடலுக்குச் சென்று கப்பல் தலைவராக உயர்ந்தார். அவருடைய சொந்தக் கப்பலான 'அக்விட்நெக்' 1887-இல் பிரேசில் கரையோரம் தரைதட்டி அழிந்தது. அதற்குக் காப்பீடு செய்யப்படவில்லை; வாழ்நாள் முதலீடு அத்துடன் முடிந்தது. மனைவி, இரு புதல்வர்களுடன் தவித்து நின்றவர், 35 அடிப் படகொன்றைத் தாமே கட்டி, அதிலேயே அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தார். ஆனால், அங்கே அவருக்கு வேலை இல்லை. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட காலம் அது. தொழில்நுட்ப மாற்றம் தேர்ந்த திறமையையும் செல்லாக்காசாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் மாணவர்களுக்குக் காட்டியதில்லை.

நண்பர் ஒருவர் கொடுத்த 'ஸ்ப்ரே' என்ற பழம் படகு, வயல்வெளியில் மட்கிக் கிடந்தது. 13 மாத உழைப்பில் அதைப் புதுப்பித்தார். பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். இந்தத் தொகையைக் கரும்பலகையில் எழுதாமல் நான் வகுப்பை முடித்ததில்லை. கையில் பணம் இல்லாததால்தான் படகின் ஒவ்வொரு பலகையும் அவர் கையறிந்ததாயிற்று. அவருக்கு வாய்த்த காப்பீடு அது ஒன்றே.

1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அசோர்ஸ் தீவுகளைக் கடந்தபின், அங்கு கிடைத்த பிளம் பழங்களையும் வெண்ணிறப் பாலாடைக் கட்டியையும் உண்டு கடும் வயிற்றுவலியால் துடித்தார். அதேவேளையில் புயல். பாயைச் சுருக்கிக் கட்டி, படகைத் திசையில் நிறுத்திவிட்டுக் கீழறையில் நினைவிழந்து விழுந்தார். கொலம்பஸின் 'பின்டா' கப்பல் மாலுமி சுக்கான் பிடிப்பதாகக் காய்ச்சலில் ஒரு காட்சி தோன்றியது. தெளிந்து பார்த்தபோது, படகு திசை பிறழாமல் ஏறத்தாழ 90 மைல் வந்திருந்தது. அந்த மாலுமியைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். எனக்கோ விழுவதற்குமுன் அவர் சுருக்கிய பாயே பெரிதாகப்படுகிறது. பாய்களைச் சரியாக அமைத்துச் சுக்கானைக் கட்டிவிட்டால் தானே நேர்வழி செல்லும் படகு அது. பின்னாளில் கீலிங் தீவுகளுக்கு 2,700 மைல் சென்ற 23 நாள்களில், அவர் சுக்கான் பிடித்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவே.

உருகுவே கரையில் படகு மணலில் ஏறியபோது, நங்கூரத்தைச் சிறு தோணியில் ஏற்றி ஆழத்துக்குக் கொண்டுசென்றார். அலைகளில் தோணி நிரம்பிக் கவிழத் தொடங்கியது. அந்தக் கணத்தில் அவர் முதலில் செய்தது, நங்கூரத்தைத் தலைக்குமேல் தூக்கிக் கடலில் எறிந்ததுதான். தோணியின் விளிம்பைப் பற்றிய பிறகே தமக்கு நீச்சல் தெரியாதது அவர் நினைவுக்கு வந்தது. மூன்று முறை முயன்று தோற்று, நான்காம் முறை தோணியை நிமிர்த்தினார். உயிருக்குப் போராடும் வேளையிலும் படகைக் காக்கும் வேலைக்கு முதலிடம் தந்தது அசட்டுத் துணிச்சல் என்று மாணவி ஒருவர் வாதிட்டார். படகு இல்லாமல் அந்த மனிதருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

படகோனியா அருகே மலைபோல் ஓர் அலை எழுந்து வந்தபோது, அவர் அதை எதிர்த்துப் படகைச் செலுத்த முயலவில்லை. பாய்களை இறக்கிவிட்டு, பாய்மரக் கயிறுகளில் ஏறிக்கொண்டார். படகு முழுவதும் நீருக்குள் மறைந்து, நடுங்கியபடி மீண்டும் மேலே வந்தது.

46,000 மைல் பயணத்துக்குப்பின் 1898 ஜூனில் நியூபோர்ட் வந்து சேர்ந்தார். 1900-இல் வெளியான அவரது பயண நூல் புகழும் வருவாயும் தந்தது. ஆனால், பிற்காலத்தில் 'ஸ்ப்ரே' பராமரிப்பின்றி நலிந்திருந்ததைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பலகையையும் அறிந்தவர் அதை எப்படி விட்டுவைத்தார் என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

1909 நவம்பரில், 65 வயதில், தென் அமெரிக்காவை நோக்கித் தனியே புறப்பட்டார். படகும் அவரும் திரும்பவில்லை. பலகை நெகிழ்ந்து மூழ்கியிருக்கலாம் என்பர் சிலர். இரவில் நீராவிக் கப்பல் ஒன்று மோதியிருக்கலாம் என்பர் வேறு சிலர். 1924-இல்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.