தென்னமரத்தில் செம்பனை வைத்த துரை



ராசாவில் பஸ் ஏறி, கோல சிலாங்கூர் போய் இறங்கும் வரை சன்னல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனைதான். ஒரு காலத்தில் இதே பாதையில் பால்மரம் நின்றது. பால்மரத்துக்கு முன்னே காப்பி. இந்தச் செம்பனை நம்ம பக்கத்துக்கு எப்படி வந்தது, யார் கொண்டு வந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஹென்றி போக்கோனியே என்று பெயர். தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்து, 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி பாரிஸ் நகரில் கண்ணை மூடியவர்.

நாம் இந்தப் பக்கத்தில் துரைமார்களைப் புகழ்ந்து எழுதுவது வழக்கமில்லை. இவரை எழுதக் காரணம் உண்டு, படித்துப் பாருங்கள்.

1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி, பிரான்சு நாட்டின் மேற்குப் பக்கத்தில் பார்பெசியே என்ற சிற்றூரில் பிறந்தார். திராட்சையும் கொன்யாக் என்னும் பிராந்தியும் விளைகிற பூமி அது. தகப்பனாரும் அந்த வியாபாரந்தான் பார்த்தார். முசே என்ற அவர்கள் வீட்டைச் சுற்றி மரமும் செடியுமாகப் பெரிய தோட்டம். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, சிநேகிதர்கள் எல்லாரும் கூடிப் பாட்டும் புத்தகமுமாக வளர்ந்த பிள்ளைகள். கூடி விளையாடிய கூட்டத்தில் ஒருவர் பிற்காலத்தில் ஷார்தோன் என்ற பெயரில் பெரிய எழுத்தாளரானார். தங்கை ஜெனவியேவும் எழுத்தாளர்தான், அதைப் பிறகு சொல்கிறோம்.

தகப்பனார் காலமான பிறகு குடும்பப் பாரம் இவர் தலையில் விழுந்தது. இங்கிலாந்து போய்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் இசையும் சொல்லிக் கொடுத்தார். அங்கே இருக்கும்போதுதான், போர்னியோவில் சவ்வரிசி மரம் வைத்தால் பணம் காய்க்கும் என்று எங்கேயோ படித்தாராம். அதை நம்பி 1905-இல் கப்பலேறினார். வயது இருபத்தாறு. சிங்கப்பூர் வந்த பிறகுதான், சவ்வரிசியை விட ரப்பர்தான் வருங்காலம் என்று புரிந்தது. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பழகினார். மலாய் பேசப் படித்தார். தமிழும் படித்தார். தோட்டத்தில் வேலை செய்கிறவன் தமிழன், அவனிடம் பேசாமல் துரை எப்படி வேலை வாங்குவது?

பிறகு சிலாங்கூர் ஆற்றின் ஓரத்தில், ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் கிடைத்தது. நம்ம கோல குபு பாரு மலைப்பக்கமிருந்து இறங்கி வருகிற அதே ஆறுதான். காட்டை வெட்டி, ரப்பர் கன்று வைத்து, மேட்டின் மேல் வீடு கட்டினார். அதற்குப் பனை வீடு என்று பெயர். ஊரிலிருந்து சிநேகிதர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1908-இல் பெல்ஜியம் நாட்டு முதலாளி ஹாலே என்பவரின் பண உதவியோடு கம்பெனி உண்டாயிற்று. 1910-இல் ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. பணம் வந்தது.

வெட்டியது யார், நட்டது யார் என்று நாம் கேட்க வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல்தான் மலாயாவில் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னே முன்பணக் கடனில் கட்டுண்டு வந்தவர்களும், பிறகு கங்காணி கூட்டி வந்தவர்களும் நம் பாட்டன் பூட்டன்மார்தான். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. துரை பெயர் ஏறிற்று. இதைச் சொல்லாமல் மேலே போனால் நம் எழுத்துக்கு மரியாதை இல்லை.

இப்போது செம்பனைக்கு வருவோம். அது ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் பூந்தோட்டத்தில் நாலே நாலு கன்று வைத்தார்கள். அவற்றின் பிள்ளைகள் சுமத்ரா போய், டெலி பக்கம் பாதை ஓரத்தில் அழகுக்காக நின்றன. அங்கேயிருந்து 1911, 1912-இல் போக்கோனியே விதை கொண்டு வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் வைத்தார். எண்ணெய்க்காக அல்ல, அழகுக்காகத்தான்! மரத்தின் மேல் ஆசை வைத்த மனுசன். அந்த ஆசைதான் பிறகு பெரிய தொழிலாக முளைத்தது. 1917-இல் தென்னமரம் தோட்டத்தில், சரிப்பட்டு வராத காப்பிக்குப் பதிலாகச் செம்பனையை வரிசையாக நட்டார்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. பெயரைப் பாருங்கள், தென்னமரம்! மலாய்ப் பெயரும் இல்லை, வெள்ளைக்காரன் பெயரும் இல்லை, நம்ம வாய்ப் பேச்சு.

செம்பனையில் நம் பெண்கள் பட்ட பாடு தனிக் கதை. 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டு வந்து விடும் வரை, பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்தது நம் அம்மாமார்களின் கைதான். ஆண் பூவின் தூளைத் தட்டி எடுத்து, முகப்பவுடர் மாதிரி மாவோடு கலந்து, முள்ளுக்கு நடுவே கையை விட்டுப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். வண்டு வந்ததும் அந்த வேலை போச்சு. சம்பளமும் போச்சு.

நம் துரை கதைக்குத் திரும்புவோம். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. தோட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் பட்டாளத்தில் நின்றார். வெர்டன் போர்க்களத்தைக் கண்டவர். 1917 மார்ச்சில், போருக்கு நடுவே மதலேன் மெஸ்லியே என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார். போர் முடிந்து மறுபடி மலாயா வந்தார். ஆனால் மனசு மாறிவிட்டிருந்தது போலும். வியாபாரம் இன்னும் பெருகும் காலத்தில், 1925-இல், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு துனீசியா நாட்டில் ராதெஸ் என்ற கடலோர ஊருக்குப் போய்விட்டார். பணம் சேர்க்கிறவன் பாதியில் எழுந்திருப்பதில்லை. இவர் எழுந்தார். மனைவி, மக்கள், தோட்டம், புத்தகம், அவ்வளவுதான் என்று அமர்ந்தார்.

அங்கே இருந்து எழுதியதுதான் மலாயாவைப் பற்றிய கதை. 1930-இல் வெளியான அந்தப் புத்தகத்துக்குப் பிரான்சின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. நம்ம காடு, நம்ம மழை, மலாய்க்காரர்களின் பந்துன் பாட்டு, தோட்டத் தமிழர்கள் எல்லாம் அதில் உண்டு. மூன்று வருசத்துக்குப் பிறகு, 1933-இல், தங்கை ஜெனவியேவுக்கு ஃபெமினா என்ற இன்னொரு பெரிய பரிசு. ஒரு வீட்டில் இரண்டு பரிசு! பரிசு வாங்கியவர் வருசத்துக்கு ஒன்றாக எழுதித் தள்ளுவார் என்று பதிப்பாளர்கள் காத்திருப்பார்கள். மனுசன் அசையவில்லை. 1938-இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. பிறகு பேரைத் தேடி அலையவே இல்லை. முப்பத்தைந்து ஆண்டு அமைதியாக வாழ்ந்தார்.

அமைதியாக வாழ ஒரு வீடு வேண்டும். அவருக்குப் பிறந்த ஊரில் முசே வீடு எப்போதும் இருந்தது, போய் வந்துகொண்டிருந்தார். அவர் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. தோட்டம் கை மாறும்போதெல்லாம் லயத்தைக் காலி செய் என்ற கடிதம் வந்தது. நாலு தலைமுறை வாழ்ந்த வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. நம் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக மனு எழுதி எழுதிக் காத்திருந்தன என்பதை நாம் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

அந்த மனுசன் மேல் நமக்குக் கோபம் இல்லை. தமிழ் படித்தார், மரத்தை நேசித்தார், போதும் என்று சொல்லத் தெரிந்திருந்தது. அடுத்த முறை பெஸ்தாரி ஜெயா பக்கம் போகிறவர்கள் (நமக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) தென்னமரம் தோட்டத்துப் பெயர்ப் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1917-இல் இங்கே குழி வெட்டியது நம்ம ஆட்கள் என்று சொல்லுங்கள். துரை பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.