வெற்றியின் இலக்கணம் அறிந்த மீர் சுல்தான் கான்

போர்க்களத்தை ஒரு பலகைக்குள் அடக்கிய விளையாட்டு சதுரங்கம். படைகளும் கட்டங்களும் மாறாதிருப்பினும், எது வெற்றி என்னும் விதி மாறுமாயின் போர்முறை முழுதும் மாறிவிடும். இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக்கியவர் மீர் சுல்தான் கான்.

இன்று பாகிஸ்தானின் குஷாப் மாவட்டத்திலுள்ள மித்தா திவானாவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பிறந்தார். சுல்தான் என்பது பெயரேயன்றிப் பட்டமன்று. இளமையிலேயே தந்தையிடம் இந்தியச் சதுரங்கம் பயின்றார். அம்முறையில் காலாள் தொடக்கத்திலும் ஒரு கட்டமே நகரும். எதிர்க்கரையை அடைந்தால், தான் சென்றடைந்த வரிசைக்குரிய காயாகவே அது மாறும். ஆதலின் எல்லாக் காலாட்களும் மதிப்பில் ஒன்றாகா. எதனைக் காப்பது, எதனை இழப்பது என்பதை முன்னரே எண்ணித் துணிதல் வேண்டும்.

வெற்றியின் விதியும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப வேறுபட்டது. அரபு நாடுகளில் ஷத்ரஞ்சு என வழங்கிய பழைய ஆட்டத்தில், எதிரியின் படையை அழித்து அரசனைத் தனியனாக்குவதும் வெற்றியே. அரசன் தாக்கப்படாமலே நகர வழியின்றி நிற்பதும் எதிரிக்குத் தோல்வியே. இன்றைய முறையிலோ, நகர வழியற்ற அந்நிலை சமனாகும். தனித்த அரசனும் சமனால் உயிர் தப்பலாம். முன்னதில் படையழிப்பே பயன் தரும். பின்னதில் கொன்று குவித்தவனும் கவனம் பிசகினால் கைக்கெட்டிய வெற்றியை இழப்பான்.

இளைஞராகிய சுல்தான் கானை ஆதரித்த சர் உமர் ஹயாத் கான், அவருக்கு ஐரோப்பிய முறையைக் கற்பிக்கச் செய்தார். 1928இல் அவர் அகில இந்தியப் பட்டம் பெற்றார். 1929இல் லண்டன் சென்று, அவ்வாண்டே ராம்ஸ்கேட்டில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே உரியதாயிற்று. முன்னாள் உலக வாகையர் கபபிளங்காவை 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் 65 நகர்த்தல்களில் வீழ்த்தினார். நூல்வழித் தொடக்க ஆட்டத்தில் அவர் தளர்ந்தவரே. இடையாட்டத்திலும் இறுதியாட்டத்திலும் வல்லவர். மெல்ல நகரும் இந்திய ஆட்டம் அளித்த பொறுமை அவருக்குத் துணைநின்றது எனலாம். அதே இல்லத்தைச் சார்ந்த பாத்திமா என்னும் பெண்மணி 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டம் வென்றமையும் ஈண்டு நினையத்தக்கது.

அவ்வாண்டின் இறுதியில் சுல்தான் கான் தாயகம் திரும்பினார். 1935இல் காதில்கரை வென்றபின் பெரும் போட்டிகளை நாடவில்லை. சொந்த ஊரில் நிலத்தையும் குடும்பத்தையும் பேணி வாழ்ந்து, 1966இல் மறைந்தார். ஆட்சி செய்த நாட்டின் மகுடத்தை அடிமை நாட்டினர் ஒருவர் மும்முறை சூடினார். அவர் வாழ்ந்தவரை கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்து சேரவில்லை. 58 ஆண்டுகள் கழித்து, 2024இல், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதனை மதிப்புறு பட்டமாக வழங்கியது. அதே ஆண்டில்தான், நம் திருவேற்காட்டை அடுத்த மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியில் பயின்ற குகேஷ் சிங்கப்பூரில் உலக வாகையரானார்.

பட்டமே வெற்றி எனின், சுல்தான் கான் நெடுங்காலம் தோற்றவராவார். அவரோ பிறர் வகுத்த விதியைக் கற்று அதிலும் வென்றார். பின்னர்த் தமக்குரிய வெற்றியைத் தாமே வகுத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். மாணவச் செல்வங்களே! காயை நகர்த்துமுன் எது வெற்றி என வினவுங்கள். போர்முறை அதன்பின் தானே தோன்றும்.